ஒரே அறை, பல வயது: தமிழகத்தில் கணித வகுப்பறைச் செயல்பாடுகளின் வரலாறு

முன்னுரை

ஒரு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவர் நூறு வரை எண்ணத் தடுமாறுவார். இன்னொருவர் கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருவார்; அதே கழித்தலைக் கரும்பலகையில் எழுதினால் விழிப்பார். மூன்றாமவர் ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். இந்த மூவருக்கும் ஒரே பாடவேளையில் கணக்குக் கற்பிப்பது எப்படி? பணியில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை ஓர் ஆசிரியரை விடாமல் தொடரும் கேள்வி இது.

தமிழகத்தில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து படித்த திண்ணைப் பள்ளி, வயதுக்கு ஒரு வகுப்பாகப் பிரிந்த காலனியக் காலப் பள்ளி, மீண்டும் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைத்த செயல்வழிக் கற்றல் என்று அது பல திருப்பங்களைக் கண்டிருக்கிறது. இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறது. இன்றைய வகுப்பில் செய்து பார்க்கத்தக்க சில செயல்பாடுகளும் ஆங்காங்கே தரப்பட்டுள்ளன.

திண்ணைப் பள்ளியின் கணக்கு

திண்ணைப் பள்ளியில் ஓர் ஆசிரியர்தான் இருப்பார். அவரை அண்ணாவி என்றும் வாத்தியார் என்றும் அழைத்தனர். ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவார். கை திருந்தியவர் ஓலையில் எழுத்தாணி பிடிப்பார். மூத்த மாணவர்களில் ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். உ.வே. சாமிநாதையர் தமது தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக் காலப் பள்ளிக்கூடத்தை விவரித்துள்ளார். அக்காலக் கல்விமுறையை அறிய விரும்பும் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய பகுதி அது.

எழுத்துக்கு அரிச்சுவடி இருந்ததுபோல் எண்ணுக்கு எண்சுவடி இருந்தது. அதில் முழு எண்களோடு பின்னங்களும் இளம் வயதிலேயே கற்பிக்கப்பட்டன. 1/20 என்பது மா. அதில் பாதி அரைமா, அதாவது 1/40. அதிலும் பாதி காணி, 1/80. அதன் பாதி அரைக்காணி, 1/160. அதன் பாதி முந்திரி, 1/320. நெல் அளக்கும் வாய்பாடும் இப்படித்தான் ஏறுவரிசையில் அமைந்திருந்தது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக ஒரு கலம் என்பது 96 நாழி.

இவற்றை மாணவர்கள் உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். மனப்பாடம் என்று இதை எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அப்பிள்ளை மனனம் செய்த ஒவ்வொரு அளவும் அவர் வீட்டுக் குதிரிலும் களத்துமேட்டிலும் கண்ணெதிரே இருந்தது. மேலும், ஒருவர் முந்திரியில் நின்றிருக்க மற்றொருவர் காணியைத் தாண்டியிருந்தால் அதை யாரும் குற்றமாகக் கருதவில்லை. முந்தைய பாடம் வந்த பிறகே அடுத்த பாடம் என்பதால் அவரவர் வேகத்தில் அவரவர் முன்னேறினர்.

இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தண்டனைகள் கடுமையாக இருந்தன. எல்லோருக்கும் இடமும் இல்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட விவரத்தின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தனர். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. பல வயதினருக்கு இடமளித்த அதே திண்ணை பலருக்கு இடமளிக்க மறுத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

செய்து பார்க்க: நீளமான ஒரு காகிதப் பட்டையை எடுத்துச் சரிபாதியாக மடிக்கவும். மீண்டும் மீண்டும் பாதியாக மடித்துப் பிரித்தால் அரை, கால், அரைக்கால், வீசம் (1/16) ஆகியவை மடிப்புக் கோடுகளாகக் கிடைக்கும். சிறு பிள்ளைகள் பெயர்களைச் சொல்லி வண்ணம் தீட்டலாம். அடுத்த நிலையினர் ஒரு காலில் எத்தனை வீசம் என்று எண்ணிச் சொல்லலாம். மூத்தவர்கள் பத்து முறை மடித்தால் எத்தனை பாகம் வரும் என்பதை மடிக்காமலே கண்டறியலாம்.

கணக்கதிகாரம்: விடை தேடும் ஆவல்

எண்சுவடியைத் தாண்டியவர்களுக்குக் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இருந்தன. காரிநாயனார் இயற்றிய இந்நூலில் நில அளவை, பொன் நிறை, நெல் அளவை ஆகியவற்றோடு வேடிக்கைக் கணக்குகளும் உள்ளன. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறியும் வழி அவற்றுள் புகழ்பெற்றது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும் என்கிறது நூல். அதன்படி 100 முள் இருந்தால் 120 சுளை இருக்க வேண்டும்.

வட்டத்தின் பரப்பைக் காணவும் இந்நூல் வழி சொல்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். இன்றைய பாடநூலில் உள்ள சூத்திரமும் இதுவே. பாதிச் சுற்றளவு பையும் ஆரமும் பெருக்கிய தொகை. பாதி விட்டம் ஆரம். இரண்டையும் பெருக்கினால் பை, ஆரம், ஆரம் என்று பழகிய விடை வந்துவிடும்.

செய்து பார்க்க: பலாப்பழ விதியை மெய் என்று ஏற்கவும் வேண்டாம், பொய் என்று தள்ளவும் வேண்டாம். பருவத்தில் ஒரு பழத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து முள்ளை எண்ணி, விடையை எழுதி வைத்து, பிறகு அறுத்து எண்ணிப் பார்க்கலாம். எண்ணத் தெரிந்த எல்லோருக்கும் இதில் வேலை உண்டு. விதிக்கும் உண்மைக்கும் எவ்வளவு வேறுபாடு என்று கணக்கிடுவது மூத்தவர்களுக்கு. சுளையைப் பங்கிடுவதும் வகுத்தல்தான். வட்டப் பரப்புக்கு ஓர் அட்டை வட்டத்தை 16 சம கூறுகளாக வெட்டி, கூர்முனைகளை மேலும் கீழும் மாற்றி மாற்றி அடுக்கினால் ஏறத்தாழ ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் பாதி விட்டம் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

பள்ளிக்கு வெளியே இருந்த கணக்கு

திண்ணையில் இடம் கிடைக்காத பெண் பிள்ளைகளுக்கு எண்ணறிவே இல்லாமல் போய்விடவில்லை. அது வீட்டு முற்றத்தில் இருந்தது. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து வீதம் இட்டால் 70 காய்கள். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும், எத்தனை காய் கிடைக்கும் என்பதை ஆடுபவர் காயைத் தொடுவதற்கு முன்பே மனத்துக்குள் கணக்கிட்டாக வேண்டும்.

கோலமும் அப்படியே. ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்று வரை குறையும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என அமையும். மொத்தம் 25 புள்ளிகள். மேற்பாதியை நடு வரிசையோடு சேர்த்தால் 16, கீழ்ப்பாதி 9. நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்து ஐந்தின் வர்க்கம் ஆகிவிட்டது.

செய்து பார்க்க: தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இப்புள்ளிகளை வைக்கச் சொல்லவும். இளையவர்கள் எண்ணுவார்கள். நடு நிலையினர் 1, 1+3, 1+3+5 என்று கூட்டி 1, 4, 9 வருவதைக் காண்பார்கள். மேல் வகுப்பினர் ஒன்பது புள்ளிக் கோலத்தில் எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே சொல்ல முயல்வார்கள். விடை 41. ஒன்பது புள்ளிக் கோலம் 25 + 16 எனப் பிரிகிறது, ஆனால் 41 ஒரு முழு வர்க்கம் ஆகவில்லை. ஏழு புள்ளியில் நடந்தது ஏன் இங்கே நடக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடம் வெற்றி.

எழும்பூர் மணலிலிருந்து இங்கிலாந்துக்கு

திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு கடல் கடந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்ட அவர் அம்முறையைத் தம் இல்லத்தில் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கியதால், ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் இளையோருக்குக் கற்பிக்கும் வேலையைக் கொடுத்தார். அது பலன் தந்தது. 1797ஆம் ஆண்டு இலண்டனில் இதைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அம்முறை இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவரது கொடையால் 1833ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது.

ஆனால் அங்கே போனதும் முறையின் இயல்பு மாறியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் ஓர் ஆசிரியரைக் கொண்டு குறைந்த செலவில் நடத்தும் வழியாக அது பயன்பட்டது. சட்டாம்பிள்ளை முறை கடல் தாண்டியது. அவரவர் வேகத்தில் படிப்பது என்ற அதன் உயிர் இங்கேயே தங்கிவிட்டது.

வகுப்புகளாகப் பிரிந்த பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் வழங்கும் நடைமுறை இருந்தது. ஆய்வாளர் வந்து தேர்வு நடத்துவார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். இதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் இவ்வளவு பாடம், இத்தனை கணக்கு என்ற வரையறை இறுகியது. கல்வி பரவலாக இது உதவியது. அதுவரை பள்ளியே காணாத சாதிகளின் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் மெல்ல மெல்ல உள்ளே வந்தனர். அதே வேளையில், வகுப்பின் வேகத்துக்கு வராத பிள்ளைக்கு 'தோல்வி' என்ற புதிய பெயரும் வந்தது.

இதற்கு மாற்று வழிகளும் அவ்வப்போது எட்டிப் பார்த்தன. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர்க் காலத்தை இந்தியாவிலேயே கழித்த அவர் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். ஒரு மணி ஒன்று, பத்து மணிக் கோவை பத்து, பத்துக் கோவைகள் சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரங்கள் சேர்ந்த கனசதுரம் ஆயிரம் என்று இடமதிப்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாக்கியவர் அவர். அவரது வகுப்பிலும் பல வயதுப் பிள்ளைகள் கலந்தே இருந்தனர். ஆனால் இம்முறை நெடுங்காலம் கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் பள்ளிகளிலேயே பெரும்பாலும் தங்கியது.

அரசுத் தொடக்கப் பள்ளிகளின் நிலை வேறு. ஐந்து வகுப்புகள், ஒன்று அல்லது இரண்டு ஆசிரியர்கள். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் வந்த கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர்களையும், கணித உபகரணப் பெட்டி உள்ளிட்ட பொருள்களையும் வழங்க முற்பட்டது. பெட்டிகள் வந்தன. பல பள்ளிகளில் அவை தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் பீரோவுக்குள் பூட்டப்பட்டுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாட்காட்டித் தாள்

பெட்டி இல்லாமலும் செயல்பாடு சாத்தியம் என்று காட்டியவர் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் (1924–2005). கணிதமேதை இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் திரட்டி 1968ஆம் ஆண்டு இரு தொகுதிகளாகக் கொண்டுவந்தவர் இவரே. மாணவர்களைக் கொண்டு கணிதக் கண்காட்சிகள் நடத்தினார். 1993இல் இராயபுரத்தில் தொடங்கப்பட்ட இராமானுஜன் அருங்காட்சியகம் மற்றும் கணிதக் கல்வி மையத்தோடும் இணைந்து பணியாற்றினார். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கொண்டு எண்களோடு விளையாடுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே எழுதியுள்ளார்.

செய்து பார்க்க: நாட்காட்டியில் 8, 9, 10, 15, 16, 17, 22, 23, 24 என்ற ஒன்பது எண்களைச் சுற்றிக் கட்டமிடவும். கூட்டினால் 144. நடு எண் 16ஐ ஒன்பதால் பெருக்கினாலும் 144. இனி 8, 9. 15, 16 என்ற நான்கை மட்டும் எடுத்துக் குறுக்காகப் பெருக்கவும். 8 × 16 = 128. 9 × 15 = 135. வித்தியாசம் 7. எந்த மாதத்தில் எந்த நான்கை எடுத்தாலும் ஏழுதான். கூட்டத் தெரிந்தவர் கூட்டுவார், பெருக்கத் தெரிந்தவர் பெருக்குவார், எட்டாம் வகுப்பு மாணவர் முதல் எண்ணை 'அ' என்று கொண்டு காரணத்தை நிறுவுவார்.

இச்செயல்பாட்டை ஏழாம் வகுப்பில் முதன்முறை செய்தபோது நடந்த ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயரை என் கையாலேயே எழுதியிருந்தேன். எல்லோரும் ஒன்பது எண்களையும் கூட்டிக்கொண்டிருந்தபோது அவன், "நடுவுல இருக்கிறத வெச்சே சொல்லிடலாம் சார்" என்றான். எப்படி என்று கேட்டேன். "இந்தப் பக்கம் ஒண்ணு கூட, அந்தப் பக்கம் ஒண்ணு கம்மி, சரியாப் போயிடுது" என்றான். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவி விடையைச் சரியாகக் கூட்டியிருந்தாள், ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்த மாணவன் பிறகு முதல் மதிப்பெண் வாங்கிவிடவில்லை. ஆண்டுத் தேர்வில் தேறினான், அவ்வளவே. நான்தான் அந்தப் பட்டியலை எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இராமானுஜம் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையும் இதையே வேறு விதமாகச் சொல்லியது. நமது கணிதப் பாடத்திட்டம், திறன் மிக்க சிறுபான்மையினருக்கும் பங்கெடுக்காத பெரும்பான்மையினருக்கும் ஒரே நேரத்தில் ஏமாற்றம் அளிக்கிறது என்பது அதன் கருத்து. என் வகுப்பின் அந்த இருவரும் அவ்வரிகளைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தார்கள்.

செயல்வழிக் கற்றல்

பல வயது, பல திறன் கொண்ட வகுப்பைக் குறையாகப் பார்க்காமல் அதையே அடிப்படையாகக் கொண்ட பெரிய முயற்சி 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் ஓராசிரியர்க் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டைகள் இதற்கு முன்மாதிரி. 2007ஆம் ஆண்டு இது 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை விரிவானது.

ஒவ்வொரு திறனும் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, படிக்கு ஓர் அட்டை என்று ஏணி போல் அமைந்தது. தாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்பதைப் பிள்ளையே ஏணிப்படி அட்டவணையில் பார்த்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் அமர்வார். ஆசிரியர் உதவியுடன் கற்கும் குழு, சக மாணவர் உதவியுடன் கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று குழுக்கள் இருந்தன. ஆசிரியரும் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி அமர்ந்தார். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகைகள் வரையப்பட்டன. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. கூர்ந்து பார்த்தால், மணலும் சட்டாம்பிள்ளையும் அவரவர் வேகமும் இருந்த பழைய திண்ணை, இம்முறை பிரம்பில்லாமலும் யாரையும் வெளியே நிறுத்தாமலும் திரும்பி வந்தது போலிருந்தது.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போயின. அட்டையை முடித்து ஏணியில் ஏறுவதே குறிக்கோள் ஆனபோது, "உனக்கு எப்படி இந்த விடை வந்தது?" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் வாய்ப்புக் குறைந்தது. ஒரே வகுப்பில் முப்பது பேர் முப்பது படியில் நிற்க, ஆசிரியர் எல்லோரையும் எட்டத் திணறினார். அவரவர் வேகம் என்பது அவரவர் தனிமை ஆகிவிடக் கூடாது என்பது அப்போது கிடைத்த பாடம்.

எண்ணும் எழுத்தும்

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியதால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்டது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலை அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகப் பகுக்கப்பட்டது. பாட்டு, கதை, விளையாட்டு என வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யும் செயல்பாடுகளும், நிலைக்கேற்பத் தனித்தனிப் பயிற்சிகளும் இதில் உண்டு. முப்பது படிகளை மூன்று நிலைகளாகச் சுருக்கியதும், எல்லோரும் சேர்ந்து செய்வதற்கு மீண்டும் இடம் கொடுத்ததும் குறிப்பிடத்தக்கவை. ஆயினும் அரும்பில் இருக்கும் பிள்ளை நாளை மொட்டாகலாம் என்பதை மறந்து அதையே அப்பிள்ளையின் பெயராக்கிவிட்டால், நான் எழுதிய பழைய பட்டியலுக்கும் அதற்கும் வேறுபாடு இருக்காது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியர்களும் ஆசிரியராக விரும்பும் மாணவர்களும் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. நல்ல கணிதச் செயல்பாடு என்பது ஊர்க் குளத்தைப் போன்றது. முதல் படியில் நின்று காலை நனைப்பவருக்கும் அதில் நீர் உண்டு, நீந்தத் தெரிந்தவருக்கும் ஆழம் உண்டு. மெல்லக் கற்போருக்கு ஒரு குளம், விரைந்து கற்போருக்கு ஒரு குளம் என்று தனித்தனியே வெட்ட வேண்டியதில்லை. காகிதப் பட்டை, கோலப்புள்ளி, பலாப்பழம், நாட்காட்டித் தாள் ஆகிய நான்கும் அத்தகையவை. இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

ஒரு செயல்பாட்டை வகுப்புக்கு எடுத்துச் செல்லும் முன் ஆசிரியர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். எண்ண மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு இதில் செய்ய என்ன இருக்கிறது? முதலில் முடித்துவிடும் பிள்ளைக்கு அடுத்து என்ன இருக்கிறது? இவ்விருவரும் ஒருவரோடு ஒருவர் பேச இதில் என்ன இருக்கிறது? மூன்றுக்கும் விடை இருந்தால் அச்செயல்பாட்டை நம்பி வகுப்புக்குள் நுழையலாம்.